நடுப்புள்ளியைப் பார்ப்பது

என் தங்கை கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்து இருபத்தோரு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. சேலத்துக் கண் மருத்துவமனையில் சீட்டு எழுதிய பெண் கேட்டபோது அவர், "ஒரு பதினஞ்சு வருசம் இருக்குமுங்க" என்றார். நான் திருத்தினேன். நாள்தோறும் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

"ஊர்ல ஒருத்தர் கண்ணாலத்துக்கும் வர மாட்டாரு. என் சக்கரைக்கு மட்டும் தேதி வெச்சிருக்காரு, பாரு சாமி" என்று அந்தப் பெண்ணிடம் என்னைக் காட்டிக் கொடுத்தார்.

சங்ககிரியில் சொந்தமாக ஒரு லாரி வைத்து, தானே ஓட்டுகிறவர் அவர். ஐப்பசியில் ஒரு மழைநாள் மாலை, லாரியை ஓரம் கட்டும்போது இடப்பக்கம் வந்த மொபெட்டைக் கவனிக்கவில்லை. கிளீனர் கத்தியதால் நிறுத்திவிட்டார். மொபெட்டின் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று; யாருக்கும் அடியில்லை. ஆனால் செய்தி கேட்ட என் தங்கை லாரிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணைச் சோதித்துவிட்டு வந்தால்தான் தருவேன் என்றாள். அடுத்த மாதம் அவர் கனரக வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே ஒரு வியாழக்கிழமை காலை பஸ் ஏறி, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அங்கே இருந்தோம்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். "என்னுங்க மச்சான், பாத்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எழுத்துப் படிக்கறது நடுப்பார்வைங்க ஐயா. அது உங்களுக்கு நல்லாவே இருக்கு. ஆனா இத்தன வருசச் சர்க்கரை, எடையில கண்ணுக்கு லேசர் சிகிச்சை வேற குடுத்திருக்காங்க. ஓரத்துல விழித்திரை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்."

அதற்கான கருவி ஓர் இருட்டறையில் இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் நிறுத்தியது போன்ற வடிவம். ஒரு கண்ணை மூடி, முகவாயை அதன் தாங்கியில் வைத்து, கிண்ணத்தின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வெளிச்சம் தோன்றி மறையும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நான் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"நடுப்புள்ளியப் பாருங்க ஐயா. கண்ணு இடப்பக்கம் போகுது" என்றாள் கருவியை இயக்கிய தொழில்நுட்பப் பெண்.

"பாக்கறனுங்க."

"மறுபடியும் போகுதுங்க."

"நேராத்தானுங்க பாக்கறேன்!"

ஏழு நிமிடம் கழித்து, கண் நிலையாக இல்லை, இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று அந்தத் தொழில்நுட்பப் பெண் சொன்னாள். இரண்டாம் முறையும் அப்படியே. கொஞ்சம் காற்றாட இருந்துவிட்டு வரச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரைக் கேட்டேன்: "ஏன் மாப்ள, சின்னப் பிள்ளையாட்டம் அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கறீங்க?"

"நேரா ஒரு லைட்டு நின்னா நாங்க அதப் பாக்க மாட்டமுங்க மச்சான். பாத்தாக் கண்ணு கூசி ரோடு தெரியாது. எதுத்தாப்ல வண்டி வந்தா, ரோட்டோட இடப்பக்க வெள்ளக் கோட்டத்தான் புடிச்சுக்குவோம். இருட்டுல மஞ்சளா ஒண்ணு கண்டதும் கண்ணு தானாப் போயிருது."

முப்பது வருடமாக அவரை விபத்தில்லாமல் காப்பாற்றிய பழக்கம் அது. அதைச் சோதனைக்காக ஏழு நிமிடம் விடச் சொல்கிறோம். உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் விவரம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு டிரைவராம்.

"அப்பிடீன்னா ஐயா, அத எதுத்தாப்ல வர்ற லைட்டுன்னு நெனைக்காதீங்க. முன்னால போற வண்டியோட பின்லைட்டு. மலைப்பாதை, ஓவர்டேக் பண்ண முடியாது. அது பின்னாலயே போறீங்க."

"அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

மூன்றாம் முறை அவர் அசையவில்லை. அறையில் பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. இடையிடையே அது நீண்ட நேரம் கேட்கவில்லை. அந்த நேரங்களிலெல்லாம் கிண்ணத்தின் எங்கோ ஓரிடத்தில் வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அச்சிட்டு வந்த தாளை டாக்டரம்மா மேசையில் விரித்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். நடுவில் வெள்ளை, ஓரங்களில், இடப்பக்கமும் கீழேயும் அதிகமாக, கறுப்புத் திட்டுகள்.

"கறுப்பா இருக்கறதெல்லாம் என்னுங்க?"

"அங்க வெளிச்சம் வந்துச்சுங்க ஐயா. உங்களுக்குத் தெரியல."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, லாரி ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பார்ப்பது போல முகத்துக்கு நேரே பிடித்தார். இடப்பக்கக் கறுப்பை விரலால் தொட்டார்.

"மொபெட்டு இங்க வந்திருக்கு" என்றார்.

பகலில் மட்டும் ஓட்டினால் என்ன என்று நான்தான் கேட்டேன். பகலிலும் அந்த இடங்கள் தெரியாது, சரக்கு வண்டி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. லேசர் இல்லாவிட்டால் நடுப்பார்வையே போயிருக்கலாம் என்றும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வராந்தாவில் நின்று சரக்கு பிடித்துத் தரும் புரோக்கருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை லோடு ஒன்று பேசி வைத்திருந்தார்.

"அண்ணா, நாளைக்கு நம்ம வண்டிக்கு ஒரு டிரைவர் பாத்து உடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க." மறுபடியும் ஏதோ கேட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இல்லீங்க, நாளைக்கு மட்டுமில்ல."