ஹேண்டில் என் மடியில் இருந்த பகல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலர் அவரை வலக்கையில் இரண்டு விரல் இல்லாதவராகவே பார்த்திருப்பீர்கள். அந்த விரல்கள் போனதையும் அதன்பின் நடந்ததையும் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கண்டாச்சிபுரத்தை அடுத்த சிற்றூரில். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா காய்ச்சலில் போனதும் அண்ணன் விழுப்புரத்தில் ஓர் அரிசி மில்லில் இஞ்சின் வேலைக்குச் சேர்ந்தார். 1950களின் கடைசியில் ஒருநாள், கழன்ற பெல்ட்டை அவர் மாட்டிக்கொண்டிருக்கையில், வேலை முடிந்ததென்று நினைத்து ஒருவர் ஹேண்டிலைப் போட்டு இஞ்சினைச் சுற்றி ஓடவிட்டார். இரண்டு விரல்கள் போயின. சுற்றியவரை அண்ணன் திட்டியதே இல்லை. "நான் உள்ள இருக்கறது அவனுக்குத் தெரியாது" என்பார்.

பிறகு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் இஞ்சின் டிரைவரானார். நானும் அங்கே பருப்புப் பொறுக்கும் வேலையில் இருந்தேன். இஞ்சின் ஓர் அறையில். உடைக்கும் மிஷின் சுவருக்கு அப்பால். சுவரில் இருந்த திறப்பு வழியாகப் பெல்ட் ஓடும். இஞ்சின் பக்கம் நிற்பவருக்கு அங்கே இருப்பவர் தெரியமாட்டார்.

ஓர் ஐப்பசிப் பகலில் பெல்ட் அறுந்தது. களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துவிட்டது. மழைக்குள் உடைத்து உள்ளே சேர்த்தாக வேண்டும். அண்ணன் எண்ணெய்க் குழாயை மூடினார். சக்கரம் தானாக நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு, இஞ்சினைச் சுற்றும் இரும்பு ஹேண்டிலை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"பாப்பா, நான் வந்து கேக்கற வரிக்கும் யாருக்கும் குடுக்காத. மொதலாளி கேட்டாலும் குடுக்காத."

அவர் சுவருக்கு அப்பால் போய் வெகுநேரம் ஆயிற்று. தூறல் விழத் தொடங்கியதும் முதலாளி ஓடிவந்து, இஞ்சின் சக்கரத்தில் பெல்ட் கிடப்பதைப் பார்த்தார்.

"பெல்ட்டு மாட்டியாச்சே! ஹேண்டிலைக் குடும்மா, ஜல்தி!"

"அண்ணன் இன்னும் வரலீங்க."

"வந்துக்கினு இருப்பான். சரக்கு நனைஞ்சா நாளைலேருந்து ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல."

அம்மா அப்போது படுத்த படுக்கை. இருவருக்கும் வேலை போனால் என்ன செய்வோம்? எழுந்தேன். ஹேண்டிலை நீட்டியும் விட்டேன். இதை அண்ணனைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. முதலாளி அதன் மறுமுனையை இழுத்தபோதுதான் அண்ணனின் இல்லாத விரல்கள் நினைவுக்கு வந்து வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. விடாமல் பிடித்துக்கொண்டு, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினேன்.

"இருடி! கை உள்ள இருக்குது!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

முதலாளி குனிந்து திறப்பு வழியாகப் பார்த்தார். பெல்ட்டின் இரு முனைகளையும் தோல்வாரால் தைத்துக்கொண்டிருந்த அண்ணனின் கை, முழங்கை வரை சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருந்தது. முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். களத்தில் மல்லாட்டை நனைந்தது. 

வெளியே வந்த அண்ணனிடம், நீட்டிவிட்டதைச் சொல்லி அழுதேன்.

"குடுத்துட்டியா? குடுக்கலியே. போய் மொகத்தக் கழுவு" என்றார். 

எங்கள் வேலை போகவில்லை. அதன்பிறகு பெல்ட் அறுந்தால், "ஆளு வெளிய வந்தாச்சா?" என்று முதலாளியே பலமுறை கேட்பார். அந்த வேலையிலிருந்தபடியே அண்ணன் எனக்குத் திருமணம் செய்துவைத்தார். தம் மகளையும் படிக்கவைத்தார்.

கடைசி மாதங்களில் மூச்சுத்திணறலால் மிகவும் அவதிப்பட்டார். திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் அவரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், கொட்டும் மழையில் கட்டிலோடு தூக்கிவந்து ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிய அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்கில் உடனிருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.

— தங்கை