பறியைக் கடித்த வாய்

எல்லம்மாவைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியோடு தோணியில் போவது எனக்குப் பெரிய தண்டனை. பயணத் தோணி வடக்கே தெலுங்குச் சீமைக் கரையிலிருந்து கிளம்பி, ஏரியோரக் குப்பம் ஒவ்வொன்றிலும் நின்று நின்று, பொழுது சாயும் நேரத்துக்குத்தான் பழவேற்காடு போய்ச் சேரும். அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார என்னால் ஆகாது. கருவாட்டுக் கூடையோடு சுண்ணாம்புக்குளத்தில் ஏறும்போதே, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர்க்கதை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் ஏறுவேன். எல்லம்மா பக்கத்தில்தான் எப்போதும் இடம் காலியாக இருக்கும்.

அவள் எப்போது வருவாள் என்பது தோணிக்காரன் கங்காதரனுக்கே தெரியும். கடலில் ஒல்லாந்தர் கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது என்ற சேதி வந்தால் அடுத்த தோணியில் எல்லம்மா இருப்பாள். மடியில் ஓலையால் முடைந்த பறிக்கூடை, அதில் ஈரக் கோரையால் மூடிய இறால். பழவேற்காட்டில் இறங்கி இறாலை விற்பாள். கப்பலிலிருந்து வரும் படகுகளைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மறுநாள் அதே தோணியில் திரும்புவாள். அவள் புருஷன் கப்பலேறிக் கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஆளும் பத்தாவிக்குப் போனவன் என்பது ஊரறிந்த விஷயம். திரும்பி வரவில்லை என்பதும் ஊரறிந்ததுதான். அங்கே வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றார்கள் சிலர், கடலே கொண்டுபோய்விட்டது என்றார்கள் சிலர். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதில் என் வாயும் ஒன்று.

அன்றைக்குத் தோணியில் நல்ல கூட்டம். காலைக் கட்டிய இரண்டு கோழிகளோடு ஒருத்தி, சட்டிபானை அடுக்கிய குயவர் ஒருவர், எங்கள் காலடியில் கிளிஞ்சல் மூட்டைகள். வடக்கிலிருந்தே ஏறி வந்த ஒரு தச்சரும் இருந்தார். தருமலிங்கம் என்று பெயர். உளி, வாய்ச்சி எல்லாம் அடைத்த மரப்பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். காற்று விழுந்துவிட்டதால் கங்காதரன் கழி ஊன்றித்தான் தள்ளினான். தண்ணீர் குறைந்த இடங்களில் தோணி சேற்றில் தட்டி நிற்கும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். தூரத்தில் பூநாரைகள் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

ஏரியின் நடுவில் காற்று திடீரென்று எழுந்து தோணி ஆட, தச்சர் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார்.

"ஏரியிலயே இப்டினா, நாளைக்குக் கடல்ல இன்னா பண்ணுவ நைனா?" என்று சிரித்தான் கங்காதரன்.

"கப்பல்ல தச்சு வேலைக்கு ஒத்துக்கிட்டேன். பத்தாவி வரைக்கும் போய்த்தான் ஆவணும்" என்று வாயைத் துடைத்தார் அவர்.

எல்லம்மா எழுந்தாள். ஆடுகிற தோணியில் கோழிகளைத் தாண்டிப் போய், தன் சுரைக்குடுக்கைத் தண்ணீரை அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, பத்தாவியிலயா எறங்குவீங்க? அங்க எங்க வூட்டுக்காரரு கீறாரு. அவராண்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அவள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். கோழிக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்றேம்மா. அவரு பேரு இன்னா?"

எல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. என் புருஷனை நான் சொல்லாத வசவு கிடையாது. ஆனால் பெயரை நானும் சொன்னதில்லை.

"சாமி பேரு" என்றாள் மெதுவாக.

"முருகனா?" என்றார் குயவர். இல்லை என்று தலையாட்டினாள். "சிவனா? பெருமாளா?"

"பெருமாள்தான். படுத்துக்கினு இருப்பாரே."

"ரங்கன்!" என்று தோணியே கத்தியது. எல்லம்மா முகம் சிவந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

"சரி, ரங்கன்கிட்ட இன்னா சொல்லணும்?"

"'போய்ட்டு வா'ன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"போன ஆளுகிட்ட இப்பப் போயி 'போய்ட்டு வா'வா? இதுக்குத்தான் இத்தினி நாளா தோணி ஏறினியா?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்த பறியின் கயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவர்கள் குடும்பத்தில் இறாலுக்கு வலை கிடையாது. மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

"ஏரி வத்தின வருசம்க்கா. நாளுக்கணக்கா ஒண்ணும் அம்புடல. கப்பலுக்கு ஆளெடுக்குறாங்கன்னு கெளம்பினாரு. நான் தண்ணில இருந்தேன். தோணில என்னத் தாண்டிப் போறப்போ, 'எல்லம்மா, போய்ட்டு வரேன்'னாரு. எனக்கு வாயில பறி. அன்னிக்குன்னு பார்த்து பறி ரொம்பியிருந்திச்சி. வாயத் தொறந்தா அத்தினியும் கொட்டிப்பூடும். தலைய மட்டும் ஆட்டினேன். அவரு பார்த்தாரோ இல்லியோ. போறவங்களுக்குப் 'போய்ட்டு வா'ன்னு சொல்லலனா, எப்டிக்கா வருவாங்க?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று ஆரம்பித்தான் கங்காதரன்.

"நீ கழியை ஊனு" என்று அவன் வாயை அடைத்தேன். எனக்கு வாய்த்தவர் கூப்பிடாமலே சோற்றுக்கு வந்து நிற்பவர். ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கப்பல் பார்க்கிற பாடு எனக்கு எங்கே தெரியும்? அவளைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் எனக்கே கசந்தது.

பழவேற்காட்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகு புறப்படத் தயாராக, கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீரில் நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். தச்சரின் கால் இன்னும் தள்ளாடியது. எல்லம்மா யோசிக்கவேயில்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப்பிடித்து, அவரோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நான் கரையில் கருவாட்டுக் கூடையோடு நின்றேன்.

இடுப்பளவு தண்ணீரில் பெட்டி படகேறியது. தச்சர் ஏறினார். படகு முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பியது. நாலு துடுப்பு போட்டிருப்பார்கள். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயருகே வைத்துக் கத்தினார்.

"தங்கச்சி! அவரு பேரு இன்னா சொன்னாங்க? வாந்தி மயக்கத்துல மறந்துட்டேனே!"

எல்லம்மா அப்படியே நின்றாள். வாயில் பறி. படகு போய்க்கொண்டே இருந்தது. பெயரைச் சொல்ல அங்கே குயவரும் இல்லை, கங்காதரனும் இல்லை. நான் கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் பறி தண்ணீரில் விழுந்தது.

"ரங்கன்!" என்றாள் எல்லம்மா. "ரங்கன்! எங்க வூட்டுக்காரரு பேரு ரங்கன்! அண்ணே, ரங்கன்!"

தச்சர் கையை உயர்த்தி ஆட்டினார். அவள் நிறுத்தவில்லை. அவர் காதுக்கு எட்டாத தூரம் படகு போன பிறகும், முகத்துவாரத்துக்கு அப்பால் தெரிந்த கப்பலைப் பார்த்துக் கத்தினாள்.

"போய்ட்டு வாய்யா ரங்கா! போய்ட்டு வாய்யா!"

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இறால் தண்ணீரோடு போய்விட்டது. வெறும் பறி என் காலருகே வந்து ஒதுங்கியது. அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். தாலியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"பேரச் சொல்லிட்டேனேக்கா" என்று அழுதாள். "அவருக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாதுடி" என்றேன். "கூப்ட்டாத்தானே வருவாங்க."