நான் எழுதிய ‘நிறைவேற்றப்பட்டது’

போன வாரம் செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. சாலையோரம் நெடுக வெள்ளைக் கோடு. விசாரித்தேன். சட்டமன்ற உறுதிமொழிக் குழு வருகிறதாம். ஓய்வுபெற்று இத்தனை வருஷம் ஆகியும் என் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொம்பக் காலமாக இருக்கிற குழு. அவையில் ஓர் அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்றால் கேட்டவரே மறந்துபோவார்; குழு மறக்காது. ஆட்சியே மாறினாலும் சொன்ன சொல் அதன் பட்டியலில் இருக்கும். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வேனில் ஊர் ஊராக வந்து, ‘சொன்னீர்களே, செய்தீர்களா?’ என்று கேட்பார்கள்.

நான் ஒன்றிய ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. அனந்தபுரம் பக்கம் ஓடைக்கு அப்பால் ஒரு குடியிருப்பு. பாலம் கட்டித் தருவதாக அவையில் சொல்லியிருந்தார்கள். போட்டது இரண்டு சிமெண்டுக் குழாய். மழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர முடியாது. குழுவுக்குப் பதில் தயாரிக்கும்போது எங்கள் சூப்பிரண்டு, “அதான் கொழா போட்டாச்சில்ல? நிறைவேற்றப்பட்டதுன்னு எழுதுப்பா” என்றார். எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று ஆபீசில் பேர். பயந்தாங்கொள்ளி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

குழு வந்த அன்று, மல்லாட்டைக் கொல்லையிலிருந்து (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மண் காலோடு அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த கன்னியம்மா என்ற கூலிக்காரப் பெண் வந்து நின்றாள். குழுத் தலைவர் என் தாளைப் படித்துவிட்டு, “பாலம் கட்டியாச்சுன்னு இருக்கேம்மா” என்றார்.

“எங்க சார் இருக்குது? காட்டுங்க. எம்பொண்ணு பத்தாவது, நாலு நாளா ஊட்ல குந்திகினு இருக்குது.”

தலைவர் நேரே ஓடைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கரையேறியதும் என் எழுத்தை அடித்து, ‘நிலுவை’ என்று எழுதினார். எனக்கு அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த மழைக்குள் பாலம் வந்துவிட்டது. ஒருநாள் அதன்மேல் சைக்கிளில் போனபோது கன்னியம்மா நிறுத்தி, வறுத்த மல்லாட்டையைக் கை நிறையக் கொடுத்தாள். “நீங்கள்லாம் எழுதி அனுப்பினதாலதான சார் வந்துச்சி!”

வாங்கித் தின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வருஷங்களைத் தள்ளினேன்.

போன வாரம் சொல்லிவிடுவது என்றே கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மகள். “அம்மா மாசியில தவறிட்டாங்க சார். உங்க ஆபீச பத்தி ரொம்ப நல்லா சொல்லும்” என்றாள்.