தூரத்து உறவுக்கு ஓர் ஏரிக்கரை

2025 ஜனவரி 18, சனிக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வானம் மூடியிருந்தது. விடிந்ததிலிருந்து இரண்டு முறை தூறி நின்றிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஏரிக்கரை முகாம் ஒன்றின் மேலாளரிடம் நான் தொலைபேசியில் பேசிய நேரம் அது. இடது காது மந்தம் என்பதால் நான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். மொத்தம் ஆறு நிமிடம் பேசினேன். அந்த ஆறு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் தலை குனிந்துவிடுகிறது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் சரியாக வராது. வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டது. பேச்சு உண்டு, ஒவ்வொரு சொல்லாக வரும். அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் வாசலைத் தாண்டியது பத்தொன்பது தடவை. பதினேழு தடவை வைத்தியத்துக்கு, இரண்டு தடவை கல்யாணத்துக்கு.

குடியரசு தின விடுமுறைக்கு எங்காவது அழைத்துப் போகலாம் என்று வேளச்சேரியில் இருக்கும் என் மகள் சொன்னாள். அம்மாவால் காரில் மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்பதால் ஒரு கேரவன் வாடகைக்குப் பேசினாள். படப்பிடிப்பில் நடிகர்கள் வைத்துக்கொள்வார்களே, அதில் கொஞ்சம் சிறியது. படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஏரிக்கரையில் அதற்கென்று உள்ள முகாமில் நிறுத்திவிட்டு ஓர் இரவு தங்கி வரலாம்.

"வண்டிய நான் பாத்துக்கறேம்பா. எடத்த நீ பாரு. நீதான் எதையும் எண்ணாம விடமாட்டியே," என்றாள்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கொழந்தேள்... நெறைய வர்ற... எடமா பாருங்கோ. இந்தச் செவுத்தையே... எத்தன நாள் பாக்கறது?"

நான்கு நாள் எண்ணினேன். ஏழு முகாம்களில் விசாரித்தேன். வண்டி நுழையும் வாயிலின் உயரம், மின் இணைப்பு, கழிப்பறைகள், அவற்றில் பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ளவை, வண்டியிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி, நடுவில் எத்தனை படி, எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. முதலாவதில் இருபத்திரண்டு வண்டிகள் நிற்கலாம். தண்ணீர்வரை சிமெண்டுச் சரிவுப் பாதை. கம்பி வைத்த கழிப்பறை ஆறு. சாயங்காலம் எல்லாக் குடும்பமும் நீள மேஜையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம். இரண்டாவதில் ஐந்து வண்டிதான். சரிவு கிடையாது, பதினான்கு படி. கழிப்பறை இரண்டு, கம்பி இல்லை.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலாவதில் இரைச்சல், கொசு என்று மகளிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அந்த நீள மேஜை. மனைவி சாப்பிடும்போது வாயின் வலது ஓரத்தில் வழியும். முதல் கல்யாணத்தில், அபிராமபுரத்தில், பாயசம் புடவைவரை வந்துவிட்டது. எதிர் இலையில் இருந்த சம்பந்தி வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த கல்யாணத்தில் அவளைக் கடைசிப் பந்திக்கு அழைத்துப் போனேன். சமையல்காரர்களும் வாத்தியக்காரர்களும் சாப்பிடும் பந்தி அது. நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். தூணுக்குப் பின்னால் கோடி இலையில் உட்காரவைத்தேன். கூட்டம் தணியட்டும் என்றுதான் என்று அவளிடம் சொன்னேன். முகாமையும் அந்தப் பந்தியைத் தேடுவதுபோலவே தேடினேன்.

இரண்டாவது முகாமின் மேலாளர், குரலைக் கேட்டால் சென்னைக்காரர், உற்சாகமாகப் பேசினார்.

"தண்ணியாண்டயே ஒரு எடம் காலியா கீது சார். போட்டுறவா?"

"வேண்டாம். கடைசியில மரத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குன்னேளே, அது போதும்."

"அங்கேர்ந்து பாத்தா ஏரியே தெரியாது சார். அப்புறம் இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்துக்கினு?"

"ஒரு பேஷண்ட் வரா. சாப்பிடறச்சே பாக்க நன்னா இருக்காது. மத்தவாளுக்குச் சங்கடம்."

"யாரு சார், அம்மாவா?"

அப்போதுதான் சொன்னேன். ஏன் அப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "இல்ல, இல்ல. ஒரு தூரத்து உறவு."

"தூரத்து ஒறவா! அதுக்கோசரம் கேரவன் வெச்சு இட்டாரீங்களா? பெரிய மனசு சார் உங்களுக்கு. எங்கூட்ல கூடப் பொறந்தவனே எட்டிப் பாக்க மாட்டான்."

நன்றி என்றேன். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு முன்பணத்தையும் அனுப்பினேன்.

அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. அவள் அங்கே சாய்வு நாற்காலியில் இருந்தாள். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து மடியில் இருந்தது. நான் போனபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணிக்கு, தட்டில் சாதத்தைப் பிசைந்து ஸ்பூனை அவள் இடது கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏன்னா... அந்தத் தூரத்து உறவு... அப்பா வழியா... அம்மா வழியா?"

சிரித்தாள். அவள் சிரிப்பு இப்போது பாதி முகத்தில்தான் வரும். கல்யாணமாகி நாற்பத்தேழு வருடம். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

"மொதல்ல பதில்," என்றாள். பிறகு, "அன்னிக்குத் தூணுக்குப் பின்னாடி... ஒக்காத்தி வெச்சேளே... அப்பவே தெரியும்."

கூட்டம் தணியட்டும் என்று நான் சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை. தெரிந்துகொண்டே அந்த இலையில் உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டிருக்கிறாள்.

மூன்று மணிக்கு முதல் முகாமைக் கூப்பிட்டேன். விடுமுறை என்பதால் ஒரே இடம்தான் மிச்சம் இருந்தது. நீள மேஜைக்கு நேர் எதிரே, ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில், ரொம்பச் சத்தமாக இருக்கிறது என்று யாரும் எடுக்காத இடம். எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முகாம் முன்பணத்தைத் திருப்பித் தராது என்றார்கள். அது நியாயம்தான், நான் வாதாடவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. எங்கள் சந்துக்குள் திரும்பாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சக்கர நாற்காலியில் அவளை நூற்றுப்பத்து அடி தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. முனையில் பூ விற்கும் பெண், "இன்னா மாமா, மாமிய ஹீரோயினா போட்டுட்டாங்களா?" என்று கத்தினாள். மனைவி நல்ல கையை உயர்த்தி ஆட்டினாள். எத்தனை ஜன்னல்கள் திறக்கின்றன என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது.

அன்று சாயங்காலம் நீள மேஜையில் முப்பத்தோரு பேர். அவளைக் கோடியில் உட்காரவைக்கப் போனேன். நடுவைக் கையால் காட்டினாள். நடுவில் வைத்தோம். திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். என் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொண்டேன், என் தோள் அவளை மறைக்கும்படி. எட்டுத் துணி நாப்கின் மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன்னால் சாய்ந்தேன். நான்காவது ஸ்பூனில் அவள் நிறுத்தி, என் தோளில் கை வைத்துத் தள்ளினாள்.

"மறைக்காதேங்கோ. அந்தக் கொழந்தை... தெரியல."

எதிரே ஒரு சிறுமி பொரித்த அப்பளத்தைத் தலைமேல் தொப்பியாக வைத்து, விழாமல் சாப்பிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பளம் உடைந்து ரசத்தில் விழுந்தது. என் மனைவி சிரித்ததில் வாயிலிருந்த சாதம் வெளியே வந்தது. சிறுமியின் தாய் பார்த்தாள். "ஊறுகா வேணுமாம்மா?" என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டுத் தன் பெண்ணைத் திட்டப் போய்விட்டாள்.

எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். நான்கு பேர். நால்வரும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தங்கள் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சாப்பாடு முடியும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

கை கழுவும்போது மகள் கேட்டாள். "அந்த எடத்த ஏம்பா கேன்சல் பண்ணின? இரைச்சலே இருக்காதுன்னியே?"

"பாம்பு வருதாம்," என்றேன்.

மனைவி பக்கத்திலேயே இருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். ஈர விரலைத் துடைக்க என் வேட்டி நுனியை இழுத்துக்கொண்டாள். இன்றுவரை மகளிடம் அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கேரவன் வாடகையை மகள் கொடுத்துவிட்டாள். மற்றதை நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டாவது முகாமில் போன முன்பணம் 3,540. முதல் முகாமில் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 8,260. சக்கர நாற்காலி வாடகை 650. மொத்தம் 12,450 ரூபாய்.