ஏழாவது கோட்டைக்கு முன்னால் எட்டு மணி நேரம்

எங்கள் வீட்டில் தொடங்கி முடிக்காத வீடியோ கேம்கள் பதினொன்று இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது கேம் பெட்டியையும் டிஸ்க்குகளையும் அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். "எதையும் நான் முடிச்சதில்ல, நீங்களாவது முடிங்க" என்றார். நல்ல ஆளிடம்தான் கொடுத்தார்.

கார் பந்தயத்தில் நாலாவது ஊரைத் தாண்டவில்லை. பேய் விளையாட்டை நான்தான் நிறுத்தினேன், ராத்திரி பாத்ரூம் போக ஆள் துணை தேவைப்பட்டதால். விவசாயம் செய்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. அச்சரப்பாக்கத்தில் அப்பா நிஜ வயலில் படுகிற பாடு போதாதா, டிவியில் வேறு தண்ணீர் பாய்ச்சணுமா என்று அதையும் மூட்டை கட்டினேன். மிச்சத்தையெல்லாம் பாதியில் விட்டது என் வீட்டுக்காரர்.

நாலு பேர் முன்னால் அவரை 'என்னங்க' என்பேன், வீட்டுக்குள் 'நீ'. இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ், வாரத்துக்கு ஒரு ஷிப்ட். எனக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி, பரனூரில் அலுவலகம். எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார்கள், உண்மையில் எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று ஒத்துப்பார்ப்பதுதான் என் வேலை. முகம் தெரியாத மனிதர்களின் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறேன்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்த நேரம் குறைவு. நான் வரும்போது அவர் கிளம்புவார், அவர் வரும்போது நான் தூங்குவேன். அப்படியிருந்தபோதுதான் பதினோராவது டிஸ்க்கை எடுத்தோம். ஒரு வீரன், ஒரு குதிரை, பாழாய்ப்போன ஒரு ராஜ்யம், ஏழு கோட்டைகள். அவர் இருக்கும்போது அவர் ஆடுவார், நான் வந்ததும் விட்ட இடத்திலிருந்து நான் ஆடுவேன். ஒரே வீரன், இரண்டு எஜமானர்கள்.

தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு நோட்டில் எழுதிவைக்க வேண்டுமாம், எந்த மெஷின் எப்படி இருக்கிறது, எது தகராறு செய்கிறது என்று. அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு, பிரிட்ஜ் மேல் வைத்தார். தேதி, ஆடிய நேரம், குறிப்பு. 'குதிரை ஆற்றுக்கு அந்தப் பக்கம். மருந்து மூன்று பாட்டில். பாலத்தில் வில்லாளி இருக்கிறான், ஜாக்கிரதை.' நானும் எழுதினேன். 'வில்லாளி காலி. உப்புமா பிரிட்ஜில்.' காதல் கடிதம் எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆறு கோட்டைகளைப் பிடித்துவிட்டோம். ஏழாவது கோட்டையின் கதவை மட்டும் ஒன்றாக உட்கார்ந்துதான் திறப்பது என்று ஒப்பந்தம். அன்றைக்கு என் வாய் சும்மா இருந்ததா? "பாக்கலாம், இதையாவது முடிக்கிறியான்னு. உன் டிப்ளமோ மாதிரி ரெண்டு பேப்பர் அரியர் வெச்சிட்டு வந்துடாத. நீ எதுலயும் கடைசி வரைக்கும் போவ மாட்ட" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நுணல் மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை.

அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட். ஐந்து மணிக்குப் பஸ். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வந்து ஆட்டத்தைத் திறந்தேன். திறக்கும்போதே இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறோம் என்று திரையின் ஓரத்தில் காட்டும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன், தொழில் புத்தி. திங்கள் இரவு நான் நிறுத்தியபோது நூற்றி எண்பத்தாறு. இப்போது நூற்றி தொண்ணூற்று நாலு. நோட்டை எடுத்தேன். செவ்வாய்க்கு நேரே அவர் கையெழுத்து: 'ஆடவில்லை. வந்ததும் தூக்கம்.'

டிவியை அணைக்காமல் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் எட்டு மணி நேரம் ஏறியிருந்தது. நோட்டில் மறுபடி 'ஆடவில்லை'. வீரன் ஒரு அடி முன்னேறவில்லை. மருந்து பாட்டில் குறையவில்லை, ஒரு எதிரிகூடச் சாகவில்லை. குதிரை மட்டும் இடம் மாறியிருந்தது, ஆற்றங்கரையிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு. அன்றைக்குத் துவைக்கப் போட்ட யூனிபாரத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமாகத் தேய்த்துத் தேய்த்துப் போகாத எண்ணெய்க் கறைகள் பழசாக இருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, கோபம். மட்டம் போட்டுவிட்டு விளையாடுகிறான் மனுஷன், நான் நாலரை மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுக்கிறேன் என்று ஆத்திரமாக வந்தது. வியாழக்கிழமை அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பத்தரை மணி ரயிலைப் பிடித்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

படியேறினேன். கதவுக்குப் பக்கத்தில் அவர் செருப்பு. உள்ளேயிருந்து குதிரைக் குளம்புச் சத்தம், மெதுவாக, எங்கேயும் போக அவசரமில்லாத நடை. மேல்படிக்கு வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. குதிரையை விட்டு இறங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

கையில் சாவி இருந்தது. அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, இது மட்டம் போடுகிற ஆள் செய்கிற காரியம் இல்லை. மட்டம் போடுகிறவன் சினிமாவுக்குப் போவான், சினேகிதனோடு சுற்றுவான். மூன்று நாளாக வேலை நேரத்தை வேலை நேரமாகவே உட்கார்ந்து கழிக்கிறார் என்றால் போக இடம் இல்லை என்று அர்த்தம். வேலை போய்விட்டது. பொண்ணு கேட்டு வந்தபோது என் அப்பாவிடம் "அடுத்த வருசம் பர்மனன்ட் ஆயிடும் மாமா" என்று சொன்ன வேலை. போய்விட்டது, என்னிடம் சொல்ல முடியவில்லை.

கதவைத் திறந்தால் அவர் பிடிபட்டவர் ஆகிவிடுவார். அதனால்தான் திறக்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில் பாதிதான். திறந்தால் அதற்கப்புறம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் நெடுகச் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவாது. சத்தம் போடாமல் இறங்கிப் போய், பரனூருக்குத் திரும்பி, மத்தியானம் வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கட்டிய அதே சோற்றை அங்கே அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்து, என் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன்.

அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். மாசம் முழுக்க முதல் ஷிப்ட்தான் என்று சொல்லிவிட்டு அவர் தினமும் ஐந்து மணிக்கு யூனிபாரம் போட்டுக்கொண்டு போனார், நான் தினமும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தேன். "இன்னிக்கு இன்னா, லேட்டாவுமா?" என்று கேட்டேன். "தெரிலமா, லோடு ஜாஸ்தி கீது" என்றார். சாயங்காலம் கடிகாரத்தில் எட்டு மணி நேரம் ஏறியிருக்கும், நோட்டில் 'ஆடவில்லை' இருக்கும். ஒரு நாள் ஜாடையாக எழுதிப் பார்த்தேன்: 'ஏழாவது கதவைத் திறந்துவிடலாமா? நான் தயார்.' மறுநாள் பதில் இருந்தது: 'இப்ப வேணாம்.'

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகலாம் என்றேன். கடற்கரையில் உட்கார்ந்தால் சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் போனோம். மணலில் உட்கார்ந்து வறுத்த மீன் வாங்கினோம். அவர் வாயைத் திறந்து மூடினார், இரண்டு தடவை. நான் கடலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

அப்போது "அண்ணாத்த!" என்று ஒரு குரல். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா அண்ணாத்த, ஆளையே காணோம்? உங்க கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்களாமே! பேஜாருபா. வேற எங்கனா சேந்துட்டியா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மீன் தட்டு கையில் அப்படியே நின்றது. அவர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பாத்துகினு கீறாருண்ணா. ரெண்டு எடத்துல கூப்ட்டுகீறாங்க. எது நல்லதுன்னு யோசிச்சிகினு கீறோம்."

"நல்ல ஆளு தங்கச்சி, சும்மா வுடுவாங்களா" என்று சொல்லிவிட்டு டிரைவர் போனார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பதான். அவரு சொன்னப்பதான். நாலு பேரு முன்னாடி வுட்டுக் குடுக்கக் கூடாதுன்னு சமாளிச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று வாரமாகத் தெரிந்தும் உன்னை நடிக்க விட்டேன், சோறு கட்டி வழியனுப்பினேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நல்லா சமாளிச்ச" என்றார். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கம்கெட்ட நிம்மதி.

பத்தே நாளில் ஓசூரில் ஒரு வேலை கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், அங்கே நாலு பேரோடு ஒரு அறை. போகிற அன்று விடியற்காலையில் நான் டிபன் பாக்ஸை நீட்டினேன். "இன்னிக்கு நெசமாவே வேலைக்குப் போறேன்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அந்த வார இறுதியில் பிரிட்ஜ் மேல் தூசி தட்டும்போது நோட்டைப் புரட்டினேன். என் அலுவலகத்தில் தப்பாக எழுதிய மணிக்கணக்கை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். எப்போதோ பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். மூன்று வாரத்து 'ஆடவில்லை' எல்லாவற்றையும் சிவப்பு மையில் ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தார். மேலே ஒவ்வொரு நாளுக்கும் எழுதியிருந்தார்.

'செவ்வாய். எட்டு மணி நேரம். அதுக்கு முன்ன கொளவாய் ஏரிக்கரை. நீ ரயில் ஏறினதப் பாத்துட்டு வூட்டுக்கு வந்தேன்.'

'புதன். எட்டு மணி நேரம். குதிரையோட சும்மா சுத்தினேன். கதவுகிட்ட போவல. நீ இல்லாம தொறக்கக் கூடாதுல்ல.'

'வியாழன். எட்டு மணி நேரம். பதினோரு மணிக்குப் படியில நீ. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா. ஆட்டத்த நிறுத்திட்டு கதவுகிட்ட வந்து நின்னேன். தாப்பாள்ல கை வெச்சிருந்தேன். நீ தொறப்பேன்னு பாத்தேன். நீ எறங்கிப் போயிட்ட. நானும் தொறக்கல.'

ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் இனிஷியல்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் மாமல்லபுரத்திலிருந்து வந்து "இப்பதான்" என்று நான் சொன்னபோதே அது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டார். நான் அவரை நடிக்க விட்டதுபோல அவரும் என்னை நடிக்க விட்டார். ஒரு கதவின் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேரும் நின்றிருக்கிறோம், நடுவில் ஒரு அங்குலப் பலகை. எதிலும் கடைசி வரை போகாதவர் என்று நான் கேலி செய்த மனிதர் தாழ்ப்பாள் வரை வந்திருக்கிறார். பாதியில் திரும்பிப் போனது நான்.

புதன்கிழமை போன் செய்தார். சாப்பாடு, குளிர், ரூமில் தண்ணீர் வராதது எல்லாம் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"நோட்டு பாத்தியா?"

"எந்த நோட்டு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீ சாப்ட்டியா?" என்றார்.

போனை வைத்ததும் என் மேலேயே அருவருப்பாக இருந்தது. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். அந்த நாட்களில் எனக்கான கட்டங்களில் நான் எழுதிவைத்த மருந்து பாட்டில்களையும் குதிரையையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே எழுதினேன். 'வியாழன். பதினோரு மணிக்கு வந்தேன். தெரிந்துகொண்டேன். பயத்தில் திரும்பிவிட்டேன். ஞாயிறு. இப்போதுதான் தெரியும் என்றது பொய். புதன். எந்த நோட்டு என்றதும் பொய்.' இனிஷியல் போட்டேன். நோட்டை பிரிட்ஜ் மேல் வைக்கவில்லை. டிவிக்கு முன்னால், கன்ட்ரோலருக்குப் பக்கத்தில், அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வைத்தேன். வீரன் இன்னும் ஏழாவது கோட்டைக்கு வெளியேதான் நிற்கிறான். நான் அவனைத் தொடவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. பஸ் காஞ்சிபுரம் தாண்டிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கதவை இப்போதே திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொசு வருகிறது. வரட்டும்.