புழுத் தட்டில் விரித்த புடவைப் புத்தகம்

அம்மா இறந்த பிறகும் ஓசூர் துணிக்கடை ஒன்று அவள் பெயருக்குப் புத்தகம் அனுப்பிக்கொண்டே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் புடவைப் படம், வழவழப்பான தாள், மேலே பிளாஸ்டிக் உறை. எப்போதோ சேலை எடுத்தபோது விலாசம் எழுதிக் கொடுத்திருப்பாள்.

தபால்காரர் புதியவர். அம்மா இல்லை என்று அவருக்குத் தெரியாது. வாசலில் நின்று அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். அப்பா ஓடிப்போய் வாங்கிக்கொள்வார். வீட்டில் நாங்கள் இருவரும் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை.

"வேணாம்னு சொல்லுப்பா. எல்லாம் குப்பை."

"வந்தா வந்துட்டுப் போவுது. உன்ன என்னா பண்ணுது?"

எனக்கு அது வரவே கூடாது. அப்பாவுக்கு அது நின்றுவிடக் கூடாது.

பட்டுப்புழு வளர்ப்பு அம்மாவின் வேலை. அப்பா கல் குவாரிக்குப் போனவர், புழு அறைக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. அவள் போனபின் அவரே புழு வாங்கி வளர்த்தார். நான் கம்பெனி ஷிப்டில் இருந்தபோது, தட்டில் விரிக்கச் செய்தித்தாள் தீர்ந்துபோய், அந்தப் புத்தகங்களைக் கிழித்து விரித்துவிட்டார். காகிதம்தானே என்று நினைத்திருக்கிறார்.

அது ஈரத்தை உறிஞ்சவில்லை. மல்பெரித் தழையின் ஈரமும் புழுவின் எச்சமும் தாள்மேல் அப்படியே தேங்கிவிட்டன. நான் வந்து பார்த்தபோது ஒரு தட்டுப் புழுக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன. அழுதேன். புழுவுக்காகத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

பிழைத்தவற்றை வேறு தட்டுக்கு மாற்றினோம். தாள்களை எரித்தால் புகை புழுவுக்கு ஆகாது. எடைக்குப் போடலாம் என்றால் பழைய பேப்பர்காரர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பேப்பர் இல்லப்பா. மேல பிளாஸ்டிக்கு ஒட்டிக்கிறான். நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப இத என்னாதான் பண்றது?" என்றார் அப்பா.

"அனுப்புனவனக் கேளு, போ. எல்லா வூட்லயும் இதே கூத்துதான்."

அப்பா எருக்குழியில் கொட்டினார். மழை முடிந்து மல்பெரித் தோட்டத்துக்கு எரு இறைத்தபோது சாணமும் தழையும் மண்ணாகியிருந்தன, தாள்கள் ஆகவில்லை. புடவை கட்டிய பெண்கள் செடிகளுக்கு நடுவே சிரித்துக் கிடந்தார்கள். அம்மா களை எடுத்த நிலம் அது. அப்பா குனிந்து குனிந்து பொறுக்கினார். பொறுக்கித் தீரவில்லை. தொடத் தொட இன்னும் சின்னதாகக் கிழிந்து மண்ணுக்குள் போனது. வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ இருந்தா என்னத் திட்டியே கொன்னுருப்பா" என்றார்.

அடுத்த புத்தகம் வந்தபோது அப்பா வாசலுக்குப் போனார். கை நீட்டவில்லை.

"இதத் திருப்பி அனுப்பிடுங்க."

"ஏங்க, ஊரு மாறிட்டாங்களா?"

நான் வாயெடுத்தேன். அப்பா கையால் என்னை அமர்த்தினார்.

"செத்துப் போயிட்டாளுங்க."

தபால்காரர் அவரைப் பார்த்தார். பேனாவை எடுத்து உறையின்மேல் எழுதிக்கொண்டு போனார். வண்டிச் சத்தம் ஓயும்வரை அப்பா அங்கேயே நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தழ வெட்டணும், வாம்மா" என்றார்.