பின்வீட்டுக் கொடியின் பூ

என் வீட்டுக்காரர் தச்சர். முப்பத்தோரு வருடமாகக் கதவு, நிலை, அலமாரி, கட்டில் என்று செய்துகொண்டிருக்கிறார். தெருவில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்கள் உண்டு. இவர் சாண் நீளத்தில் ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். போன இடத்தில் மேசையோ ஜன்னலோ கண்ணில் பட்டால் போதும், அதை எடுத்து மேலே வைத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கிற குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து நான் கண் விழித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்தக் கட்டில் தலைமாட்டுல கால் அங்குலம் தாழ்ந்திருக்கு" என்பதுதான். அடுத்த கட்டில்காரி சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்திருக்கும்.

நல்ல மனுஷன். குடி கிடையாது, சூது கிடையாது. பிடிவாதம் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

அந்தப் பிடிவாதத்தால் ஆறு வருடம் அவர் தன் கூடப்பிறந்த தங்கையோடு பேசவில்லை. அவள் ஏதோ கடல் கடந்து இருந்தாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் அவள் வீட்டுப் பின்வாசல். எண்ணி அறுபது அடி. அவள் வீட்டில் குக்கர் கூவினால் எங்கள் சமையலறையில் கேட்கும்.

நடந்தது இதுதான். அவள் வீடு கட்டியபோது அவள் புருஷன் மரவேலையைத் தன் சிநேகிதன் ஒருவனிடம் கொடுத்துவிட்டார். இவருக்கு உள்ளுக்குள் புகைச்சல். குடிபுகுந்த அன்று போனோம். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். இவர் வாசல் நிலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "நிலை ரெண்டு நூல் சாஞ்சிருக்கு. இதை நிறுத்தினவன் கண்ணைக் கழட்டி வச்சிட்டு நிறுத்தினானா?" என்றார். என் நாத்தனார் முகம் சிவந்து, "என் வீட்டை அளக்கச் சொல்லி உன்னை யாரு கூப்பிட்டா?" என்று கேட்டாள். இவர் கை நனைக்காமல் திரும்பி வந்துவிட்டார். நானும் பசியோடு பின்னாலேயே வந்தேன். பேச்சு அத்தோடு நின்றது. நான் மட்டும் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் பேசுவேன். வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டேன்.

இனி கொடிக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஜன்னல் செய்து கொடுத்த வீட்டில் ஒருவர் சந்தோஷப்பட்டு, பேஷன் ஃப்ரூட் கொடியின் தண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். மஞ்சள் பழம் காய்க்கும் ரகம். இவர் அதைக் கொல்லையில் நட்டு, தேக்குக் கழிவில் பந்தல் போட்டார். பந்தலுக்கும் ரசமட்டம்தான். கொடி ஒரே வருடத்தில் பந்தலை மூடி, சுவர் மேல் ஏறிப் பின்சந்தை எட்டிப் பார்த்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்டார்கள். இவரும் தண்டு வெட்டி, பையில் வேர் பிடிக்க வைத்து, தெருவில் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தார்.

"பின்வீட்டுக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றேன்.

"கேட்டாங்களா?"

"கேட்டாத்தான் குடுப்பீங்களா?"

நாத்தனார் மட்டும் என்ன, அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. எங்கள் கொடி சுவர் மேல் தலைகாட்டிய மாதமே நாற்றுப் பண்ணையில் போய் விதையில் முளைத்த கன்று ஒன்றை வாங்கி வந்து தன் பக்கத்தில் நட்டாள். உன் தண்டு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு கொடியும் சந்துக்கு இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

அடுத்த வருடம் பூ வந்தது. பூ என்றால் உங்கள் வீட்டுப் பூ எங்கள் வீட்டுப் பூ இல்லை. வெள்ளை இதழ், ஊதா நிறத்தில் சுற்றிலும் இழை இழையாக, அதற்கு மேல் ஐந்து மகரந்தப் பைகள், அதற்கும் மேலே மூன்று கொம்பு. மதியம் பன்னிரண்டரைக்கு மேல்தான் கண்ணைத் திறக்கும், இருட்டியதும் மூடிவிடும். அத்தோடு அதன் ஆயுசு முடிந்தது. அந்த ஒரு மதியத்துக்குள் மகரந்தம் கொம்பில் ஏற வேண்டும். ஏறினால் காய், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் காம்போடு உதிரும். எங்களுக்கு எல்லாமே உதிர்ந்தது. பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு போனது.

காரணத்தை முதலில் அவரே கண்டுபிடித்தார். அந்தப் பூவுக்குச் சின்னத் தேனீ போதாது. அடியில் புகுந்து தேனைக் குடித்துவிட்டுக் கொம்பைத் தொடாமலே போய்விடும். முதுகு கொம்பில் உரசுகிற அளவுக்குப் பெரிய கருவண்டு வேண்டும். மரத்தில் துளை போட்டுக் குடியிருக்குமே, அது. எங்கள் பட்டறை உத்தரத்திலும் பந்தல் காலிலும் ஒரு காலத்தில் நிறைய இருந்தது. மரத்தில் ஓட்டை என்றால் தச்சனுக்குப் பொறுக்குமா? மரத்தூளையும் பசையையும் குழைத்து ஒரு துளை விடாமல் அடைத்தவர் சாட்சாத் இவரேதான்.

"வண்டு வேலையை நீங்களே செய்யுங்க" என்றேன், வாய் சும்மா இராமல்.

செய்தார். வார்னிஷ் அடிக்கிற சின்னத் தூரிகை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தினம் மதியம் பட்டறையைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டுக் கொம்பில் தடவினார். சோறு ஆறிக் கிடக்கும். பக்கத்து வீட்டு டிரைவர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன ரசமட்டம், பூவுக்கும் மட்டம் பாக்குறீங்களா?" என்பார். ஒன்றரை மாதம் தடவியும் ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. நாத்தனார் வீட்டை விற்றுவிட்டாள். மகன் இருக்கிற ஊருக்கே போகிறார்கள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். இன்னும் பதினெட்டு நாள். கடைத்தெருவில் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, "அண்ணன் நல்லா இருக்கானா?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று நான் எதையும் மறைக்கவில்லை. "போய்ப் பாருங்க. போயிட்டான்னா அப்புறம் சாவுக்குத்தான் பாக்கணும். அவ சாவோ உங்க சாவோ" என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "வெறுங்கையோட எப்படிப் போறது? காய் பிடிக்கட்டும். முதல் பழத்தை எடுத்துட்டுப் போறேன்."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை. ஆனாலும் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. மறுநாள் காலையிலேயே உதிர்ந்த பூக்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் புறப்பட்டார். நானும் போனேன்.

பண்ணைக்காரி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "கையாலயே சேத்தீங்களா? சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. எந்தக் கொடி மகரந்தம்?"

"அதே கொடிதான்."

"மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காதுங்க. வேற கொடியோடது வேணும். பக்கத்துல யார் வீட்டுலயும் இல்லையா?"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரு முழுக்க இருக்கும்மா. பதினோரு வீட்டுல இருக்கு."

"அவங்க எங்க வாங்கினாங்க?"

"எல்லாம் நான் வெட்டிக் குடுத்த தண்டுதான்."

பண்ணைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்போ அது பதினோரு கொடி இல்லைங்க. உங்க ஒரே கொடி பதினோரு வீட்டுல நிக்குது. எதை எதோட சேத்தாலும் அதுவேதான். விதையில வந்த கொடியா பாருங்க." அப்புறம் அவளாகவே, "இன்னிக்குச் சேத்தாலும் பழுக்க ரெண்டரை மாசம் ஆகும்" என்றாள்.

விதையில் வந்த கொடி அந்த வட்டாரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தவர், கொடுக்காமல் விட்ட ஒரே வாசலில் போய்க் கையேந்த வேண்டும். முதல் பழத்தோடு போகிறேன் என்ற சாக்கும் செத்தது. பழுக்கும்போது அவள் இருக்க மாட்டாள்.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் மதியம் பூ விரிகிற நேரத்துக்குப் பட்டறையிலிருந்து வந்தார், முகம் கழுவினார், வெளுத்த சட்டை போட்டார். கையில் தூரிகை. "நீயும் வா" என்றார்.

அறுபது அடி. பின்வாசல் திறந்தே இருந்தது. நாத்தனார் பழைய செய்தித்தாளில் பாத்திரங்களைச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இவர் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"உங்க கொடியில இன்னிக்குப் பூ இருக்கா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் கையிலிருந்த டம்ளரை வைத்தாள். "ஆறு வருஷம் கழிச்சு வந்து கேக்குற கேள்வியாண்ணா இது?"

இவர் விஷயத்தைச் சொன்னார். தண்டு, மகரந்தம், பதினோரு வீடு, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே எழுந்து கொல்லைக்குப் போனாள். அங்கேயும் பூ மட்டும்தான், பிஞ்சு கிடையாது. ஒரு தட்டை எடுத்து, விரிந்திருந்த பூக்களை மளமளவென்று பறிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் பறிக்காத. நாலு போதும். மிச்சத்துக்கு நான் நம்ம கொடி மகரந்தம் கொண்டாந்து வச்சு விடுறேன். உனக்குக் காய்க்க வேண்டாமா?"

"எனக்கு எதுக்கு?" அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. "பழுக்குறப்போ நான் இங்க இருக்கவா போறேன்?"

அவர் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். தூரிகை கீழே விழுந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது பாப்பா. அத்தனை பேர் முன்னாடி. தப்பு என்னோடதுதான்" என்றார். பாப்பா என்று அவர் அவளைக் கூப்பிடுவார் என்பதையே நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நிலை சாஞ்சுதாண்ணா இருக்கு. மழை வந்தா கதவு சாத்தவே மாட்டேங்குது. உங்கிட்ட சொல்ல எனக்கும் ரோஷம்" என்றாள்.

"நாளைக்கு வந்து இழைச்சுக் குடுத்துடறேன்."

"அதெல்லாம் வாங்கினவங்க பாத்துக்கட்டும். நீ சும்மா வா."

மீதி இருந்த பன்னிரண்டு நாளும் மதியம் ஒரு மணிக்கு அண்ணனும் தங்கையும் எங்கள் பந்தலுக்கு அடியில்தான். அவள் தன் வீட்டுப் பூக்களைத் தட்டில் கொண்டுவருவாள். இவர் ஏணி மேல் நின்று அதைக் கவிழ்த்துப் பிடித்து, எங்கள் பூவின் மூன்று கொம்பிலும் தொட்டுத் தொட்டு எடுப்பார். தூரிகைகூட வேண்டியிருக்கவில்லை. அவள் கீழே நின்று, "அங்க ஒண்ணு விட்டுட்ட பாரு, இலைக்குப் பின்னாடி" என்று அதட்டுவாள். ஆறு வருடத்துக் கதையும் அங்கேதான் பேசினார்கள். எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இதை ஆறு வருடம் முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா, பாவிகளே!

அவள் லாரி ஏறிப் போன அன்று பந்தலில் முதல் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தன. வீட்டை வாங்கினவர்கள் அடுத்த வாரமே கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அவள் கொடியை வெட்டிப் போட்டார்கள்.

நூற்று நாற்பது பூவுக்கு மேல் சேர்த்ததில் அறுபத்திரண்டு காய் நின்றது. மஞ்சளாகப் பழுத்துத் தானே கீழே விழும். விழுந்ததும் ஓடிப்போய் எடுத்துத் துடைத்து வைத்தார். தெருவில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். "பழம் கிடையாது. அப்புறமா விதை தரேன், நட்டுக்கோங்க. தண்டு மட்டும் இனிமே யாருக்கும் கிடையாது" என்றார். முதல் பன்னிரண்டு பழம் சேர்ந்த அன்றே அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி, என்னையும் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினார். அறுபது அடி நடக்க ஆறு வருடம் எடுத்த மனுஷன், ஒன்பது மணி நேரமும் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

நாத்தனார் கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்ததும் உட்காரச் சொல்லக்கூட இல்லை; சமையலறைக்கு ஓடிக் கத்தியும் கரண்டியும் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பழத்தை எடுத்தாள். இவர் அவள் கையைப் பிடித்தார்.

"இரு பாப்பா. தோல் இன்னும் வழவழன்னு இருக்கு. இப்போ வெட்டினா புளிக்கும். ரெண்டு நாள் வச்சா சுருங்கும், அப்போதான் இனிக்கும்."

"ஆமா, ரெண்டு நாள் போகட்டும், ரெண்டு நாள் போகட்டும்னு நீயும் இருந்த, நானும் இருந்தேன்" என்று அவள் கையை உதறினாள். "ஆறு வருஷம் போச்சு. விடுண்ணா."

வெட்டினாள். ஒரு கரண்டி வாயில் போட்டதும் புளிப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு யாரிடமும் கரண்டியைத் தராமல், இரண்டு பாதியையும் வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.